ஒரு தடவை சொன்னது

"அப்ப முதல் தடவை பண்ணினது என்ன, ஒத்திகையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைச் செல்வமேரி நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே ரத்தினவேல், வாசித்து முடித்த பேப்பரை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"கேளுங்க. கேக்கறதுக்கு என்ன."

"கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல, ஆபீசர் முன்னாடி, சாட்சி வெச்சுப் பண்ணின கல்யாணம். ஒரு மாசம் நோட்டீஸ் போர்டுல நம்ம பேரு தொங்குச்சு. வெயில்ல அந்தப் பேப்பர் மஞ்சளாவே போயிருச்சு. ஒருத்தன் வந்து ஆட்சேபணை சொல்லல. இப்ப உங்க சாமியார் முன்னாடி இன்னொரு தடவை நில்லுன்னா, இத்தனை வருஷம் நான் யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?"

"நான் இன்னிக்கு ஒண்ணுமே கேக்கலையேங்க."

"கேக்கல. கீரையை உருவுற உருவல்ல தெரியுது."

அது உண்மைதான். ஒரு வாரமாகவே அவள் கையில் எடுத்த எதையும் கொஞ்சம் அதிகமாக அழுத்தித்தான் எடுத்தாள்.

அவள் தென்னூர்க்காரி, ஞானஸ்நானம், பூசை, செபமாலை என்று வளர்ந்தவள். அவர் திருவெள்ளறையில் நிலம் உழுத குடும்பத்துப் பிள்ளை. திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த வயதிலேயே சாமி, சடங்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை. ரெஜிஸ்டர் ஆபீஸில் செய்துகொண்டார்கள். அவருடைய தொழிற்சாலைச் சிநேகிதர் ஜமால் மாலை வாங்கி வந்தார். அரசாங்கத்துக்கு அது கல்யாணம். அவள் கோவிலுக்கு அது கல்யாணம் இல்லை.

கோவிலுக்கு வரலாம், பாடலாம், காணிக்கை போடலாம். பூசையில் எல்லாரும் வரிசையாக எழுந்துபோய்ச் சாமியார் கையிலிருந்து அப்பம் வாங்கிக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. நன்மை வாங்குவது என்பார்கள். அது மட்டும் அவளுக்குக் கிடையாது. தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தபடி, போகிறவர்களுக்கு முழங்காலை ஒடுக்கிக்கொண்டு வழிவிடுவாள். திரும்பி வருகிறவர்களுக்கும் அதேபோல. ஒரு தலைமுறையின் குதிகால் முழுக்க அவளுக்கு மனப்பாடம். யாருக்குப் பித்தவெடிப்பு, யார் மருமகள் வந்தபிறகு கொலுசை நிறுத்திவிட்டாள், எல்லாம்.

கல்யாணமான புதிதில் அப்போதிருந்த பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். "அது கல்யாணம் இல்லம்மா, சேர்ந்து இருக்கறது. ஒண்ணு அவரைக் கூட்டிட்டு வந்து நிறுத்து. இல்லன்னா அவரை விட்டுட்டு வா" என்றார் அவர். அந்தப் பேச்சை ஒரு எழுத்து விடாமல் வீட்டில் வந்து சொன்னதுதான் அவள் செய்த பிசகு. கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் பூசிச் சொல்லியிருக்கலாம். டீச்சர் அல்லவா, கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்துவிட்டாள். 'சேர்ந்து இருக்கறது' என்ற சொல் ரத்தினவேல் காதில் அன்று ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

இப்போது அதைக் கிளப்பியது பிரவீன்ராஜ்.

அவள் தம்பி பிரிட்டோவின் மகன். தாய் இறந்தபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். பிரிட்டோ மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளையைத் திருவெறும்பூர் குவார்ட்டர்ஸில் அக்காவிடம் விட்டுப் போனான். விட்டது விட்டதுதான். செல்வமேரிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இவன் இருந்ததால் அதைப் பற்றிப் பேசவும் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை உபதேச வகுப்புக்கு அவனை டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டது ரத்தினவேல்தான். கோவில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை பேப்பர் படிப்பார். அந்தப் பிள்ளை சாமியாருக்குப் படிக்கச் செமினரிக்குப் போகிறேன் என்றபோது ஜமால் வீடு தேடி வந்து சொன்னார்: "ரத்தினம், நீ இத்தனை வருஷம் பேசின பேச்சுக்கு வீட்டுல ஒரே ஒரு ஆள் கேட்டுக்கிட்டிருந்தான். அவனும் அந்தப் பக்கம் போயிட்டான்."

"அவன் இஷ்டம்" என்றார் ரத்தினவேல். "பொய் சொல்லாம இருந்தாச் சரி."

வரும் மாதம் பிரவீனுக்குக் குருப்பட்டம். மறுநாள் தென்னூர்க் கோவிலில் அவன் முதல் பூசை. அந்தப் பூசையில் முதலில் எழுந்துபோய்ப் புதுச் சாமியார் கையால் நன்மை வாங்குவது பெற்றவர்கள். பிரிட்டோவும் மனைவி போன இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த இடம் செல்வமேரியுடையது. அவளால் எழுந்திருக்க முடியாது என்பது கோவிலுக்கே தெரியும்.

பிரவீன் போன வாரம் சாப்பிட வந்திருந்தான். வேலை ஓய்வுக்குப் பிறகு அவர்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாம் மாடி ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். ரத்தினவேல் வாழையிலை வாங்கக் கீழே போன நேரம் பார்த்து அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்டா. கேளுங்க."

"இன்னும் பட்டம் ஆகல. டா போட்டுக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறமும் வீட்டுக்குள்ள போட்டுக்கலாம். வாசல்ல வேண்டாம்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "முதல் வரிசையில உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்" என்றான்.

"போடாதே. முன்னாடி உக்காந்துட்டு எழுந்திரிக்காம இருந்தா எல்லாரும் என்னையேதான் பாப்பாங்க. நான் தூண் பக்கமே இருந்துக்கறேன்."

"எழுந்து வாங்களேன்."

"வந்தாக் கொடுப்பியா?"

கடுகு வெடித்து அடங்கியது.

"கையை நெஞ்சுல குறுக்கா வெச்சுக்கிட்டு வந்தீங்கன்னா ஆசீர்வாதம் கொடுப்பேன்."

"நன்மை வாங்காத சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுப்பாங்களே, அதுவா? உனக்குச் சோறு ஊட்டினவடா நான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபத்துக்கு உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

"அத்தை, இன்னொரு வழி இருக்கு."

"மாமாவை மறுபடி நிறுத்தணும்னா அந்தப் பேச்சே வேண்டாம். எனக்குத் தெம்பு இல்ல."

"மாமா நிக்கவே வேண்டாம். வேரிலேயே குணமாக்கறதுன்னு நம்ம சட்டத்துல ஒண்ணு இருக்கு. மறுபடி கல்யாணம் கிடையாது. பிஷப் ஒரு ஆணை கொடுப்பார். அன்னைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நீங்க ரெண்டு பேரும் சொன்ன சம்மதம் இருக்குல்ல, அதையே திருச்சபை ஏத்துக்கும். இன்னைலேருந்து இல்ல, அன்னைலேருந்தே."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"இது புதுசா வந்ததா?"

"இல்ல. ரொம்பக் காலமா இருக்கு."

"ரொம்பக் காலம்னா? நான் அந்தச் சாமியார்கிட்டப் போய் நின்னப்ப?"

அவன் தரையைப் பார்த்தான். "இருந்துச்சு அத்தை."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும். பொதுவா அதைச் சொல்றதில்ல. சொன்னா எல்லாரும் அதையே கேப்பாங்கன்னு நினைப்பாங்க. நானும் நேத்துப் பொறந்தவன், போன வருஷம்தான் படிச்சேன்."

கண்ணில் நீர் வரும் என்று எதிர்பார்த்தாள். கொட்டாவி வந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை, இத்தனை குதிகால், ஒரு மனிதர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லாததால்.

"ஒண்ணு மட்டும்" என்றான் பிரவீன். "அந்தப் பழைய சம்மதம் ரெண்டு பேர்கிட்டயும் இன்னும் இருக்கணும். அது பங்கு ஃபாதருக்கு உறுதியாத் தெரியணும். தேவைப்பட்டா மாமாவுக்குத் தெரியாமலே கூடச் செய்ய இடம் இருக்கு."

"அவருக்குத் தெரியாம அவருக்குக் கல்யாணமா?"

"சட்டத்துல இருக்கு, சொல்றேன்."

ரத்தினவேல் இலைக்கட்டோடு படியேறி வரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

தெரியாமலே செய்துவிடலாம் என்ற எண்ணம் அவளைச் சில நாள் தாலாட்டியது. சண்டை இல்லை, ஒத்திகை இல்லை. அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கட்டும். கீழ்வீட்டு சுபஸ்ரீ மட்டும் வாய்க்கு வந்ததைப் பேசிவிடாமல் இருந்திருந்தால் செய்தும் இருப்பாள். சுபஸ்ரீ பேங்கில் வேலை பார்ப்பவள். விவாகரத்தாகித் தனியாக இருந்தாள். சாயங்காலம் இருவரும் காவேரிக் கரைவரை நடந்துவிட்டு வருவார்கள். அன்று மண்டபத்துப் படியில் கூட்டம். ஓரமாக நின்றே செல்வமேரி விஷயத்தைச் சொன்னாள்.

"உங்களுக்கும் எனக்கும் நேரெதிர் டீச்சர்" என்றாள் சுபஸ்ரீ. "நீங்க ஆபீசர் முன்னாடி பண்ணிண்டதைச் சுவாமி ஒத்துக்கணும்னு நிக்கறேள். நான் ஹோமம் வளர்த்து, அம்மி மிதிச்சு, பட்டப்பகல்ல இல்லாத அருந்ததியைப் பார்த்தேன்னு தலையாட்டிப் பண்ணிண்டேன். அதை அவுக்கறதுக்குக் கோர்ட்டு வாசல்ல வாய்தா வாய்தாவா நின்னேன். அக்னி சாட்சின்னா, அக்னி ஒரு நாளும் கூண்டுல ஏறி எனக்காகப் பேசலை."

"அப்ப எது தேவலைங்கறீங்க?"

"கட்டறதுக்குப் பெருமாள், அவுக்கறதுக்கு ஜட்ஜ். ரெண்டும் வேண்டியிருக்கே." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. அவர் கேஸ் போட்டு எத்தனையோ நாள் கழிச்சுத்தான் எனக்கு நோட்டீஸ் வந்தது. அத்தனை நாளும் நான் அவருக்குத் தளிகை பண்ணிப் போட்டிண்டிருந்தேன். நம்ம கல்யாணத்துல நமக்குத் தெரியாம ஒண்ணு நடக்கறதுங்கறது இருக்கே, அது நல்லதாவே இருந்தாலும் மட்டம் டீச்சர். சொல்லிட்டுப் பண்ணுங்கோ."

அவள் பஸ்ஸில் சொன்னாள். வீட்டில் சொன்னால் ரத்தினவேல் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். பஸ்ஸில் அவரால் சத்தம் போட முடியாது. மற்றவர்களைத் தொந்தரவு செய்வது அவர் கொள்கைக்கு விரோதம். கண் டாக்டரைப் பார்க்கச் சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகிற வழி. பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மணல் அதிகமாகவும் தண்ணீர் கொஞ்சமாகவும் காவேரி. அவள் மெதுவாக, பிரவீன் சொன்ன வரிசையிலேயே ஒப்பித்தாள்.

"நான் வர வேண்டாம்?"

"வேண்டாம்."

"நிக்க வேண்டாம்? ஒண்ணும் திருப்பிச் சொல்ல வேண்டாம்?"

"வேண்டாம். ஃபாதர் ஒரு தடவை வந்து உங்களைப் பாத்துட்டுப் போகணும்பார். அவ்வளவுதான். அதுகூட இல்லாமலும் செய்யலாமாம்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்டச் சொல்ற?"

"உங்க கல்யாணம்ல. அதனால."

அவர் மணல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கடைசில அவங்களும் பேப்பர்லதான் முடிக்கறாங்க பாத்தியா. நான் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா அது ஒப்பந்தம். பிஷப் போட்டா அது அருள்."

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? சண்டை போடேன்."

"பஸ்ல இருக்கோம்."

"ஒப்பந்தம்னு சொன்னா எல்லாரும் ஏன் மூக்கைச் சுளிக்கறீங்கன்னு எனக்கு விளங்கவே இல்ல மேரி. ரெண்டு பேர் பேசி ஒத்துக்கறது. வேண்டாம்னா முறிச்சுக்கலாம். முறிக்கலாம்னு தெரிஞ்சும் இருக்கோம்ல, அதுதான் பெருசு. கதவைப் பூட்டி வெச்சுக்கிட்டு, பாரு இவன் வீட்டை விட்டுப் போகவே இல்லன்னு மெச்சிக்கறதுல என்ன இருக்கு?"

"கதவு திறந்தே கிடந்தா யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும்ங்க. இத்தனை வருஷம் நான்தான் முழிச்சிருந்தேன். எனக்குத் தூக்கம் வருது."

அவர் திரும்பிப் பார்த்தார். "நான் போயிருவேன்னா நினைச்சே?"

"நீங்க இல்ல." முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவரை விட்டுட்டு வான்னு சொன்னார்ல அந்தச் சாமியார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த வழி எனக்கு இருந்துச்சு. விட்டுட்டு வந்துட்டா எழுந்து போய் வாங்கிக்கலாம். எல்லாரும் போறப்ப உக்காந்துக்கிட்டு, இன்னிக்கும் இவரைத்தான் பிடிச்சிருக்கேன்னு வாரா வாரம் எனக்கே சொல்லிக்குவேன். சில வாரம் சட்டுனு வரும். சில வாரம் பூசை முடியற வரைக்கும் வராது."

பஸ் பாலத்தை விட்டு இறங்கியது. கண்டக்டர் பின்னால் யாருடனோ சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ரத்தினவேல் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து, பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார்.

"இதை நீ சொன்னதே இல்லையே."

"நீங்க ஒத்திகையான்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

சத்திரத்தில் இறங்கி ரோட்டைக் கடக்கும்போது, "வரச் சொல்லு உங்க ஃபாதரை" என்றார். "வீட்டுக்கு வர்ற ஆளுக்குக் காபி கொடுக்க மாட்டேன்னு நான் என்னைக்கும் சொன்னதில்ல."

பங்குச் சாமியார் தைரியராஜ் ஒரு சனிக்கிழமை முற்பகலில் வந்தார். பேன்ட் சட்டையில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, ஏதோ இன்சூரன்ஸ் விஷயமாக வந்தவர் போலப் படியேறி வந்தார். பழைய சாமியாரைப்போல இல்லை. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிற பழக்கம் உள்ளவர். ரத்தினவேல் எழுந்து நின்று வரவேற்றார். மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தார்.

காபி ஆனது. தொழிற்சாலை பற்றிப் பேசினார்கள். தைரியராஜின் மாமா ஒருவர் அங்கே வெல்டராக இருந்திருக்கிறார். எந்த ஷாப், எந்த வருஷம் என்று கொஞ்சம் ஓடியது. செல்வமேரி சமையலறையில் இருந்தாள். சாமியார் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ரத்தினவேல் முன்பே சொல்லியிருந்ததால் குக்கரில் பருப்பு வைத்திருந்தாள். காது கூடத்தில் இருந்தது.

"சார், வந்த விஷயம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ங்க."

"அன்னைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல வெறும் கையெழுத்து மட்டுமா, இல்ல வாயால ஏதாவது சொன்னீங்களா?"

"வெறும் கையெழுத்துன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்றார் ரத்தினவேல். அவர் குரலில் ஒரு நிமிர்வு வந்ததை அவள் அடுப்பங்கரையிலிருந்தே கேட்டாள். "சட்டத்துலயே வாசகம் இருக்குங்க. இன்னாராகிய நான் இன்னாராகிய உன்னைச் சட்டப்படி மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன். ஒருத்தர் முகத்தைப் பாத்து ஒருத்தர் சொல்லணும். நான் முதல் நாளே சைக்கிள்ல போறப்ப சொல்லிப் பாத்துட்டுப் போனேன். இவ சொன்னது அந்த ஆபீசருக்குக் கேக்கல. ஃபேன் சத்தம். சத்தமாச் சொல்லும்மான்னு அதட்டினார். மறுபடி சொன்னா. ஆக, இவ ரெண்டு தடவை சொன்னா. நான் ஒரு தடவை."

தைரியராஜ் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க அந்த ஒரு தடவை சொன்னது, சார், இன்னும் இருக்குங்களா? அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

செல்வமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். ரத்தினவேல் தொண்டையைச் செருமினார். "அதாவதுங்க ஃபாதர்," என்று ஆரம்பித்தார்.

குக்கர் கூவியது.

அந்தக் குக்கர் எப்போதும் அப்படித்தான். மற்ற வீட்டுக் குக்கர்கள் விசில் அடிக்கும். இது சரக்கு ரயில் மாதிரி நிறுத்தாமல் ஊளையிடும். அவள் பாய்ந்து அடுப்பைத் திருகினாள். அணைந்த பிறகும் அது தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஓய்ந்தபோது கூடத்தில் பேச்சு இல்லை. எட்டிப் பார்த்தாள். ரத்தினவேல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றார் தைரியராஜ், "இன்னொரு வாய் காபி கிடைக்குமா?"

வாசல்வரை வழியனுப்பப் போனபோது அவள் கேட்டுவிட்டாள். "அவர் என்ன சொன்னார் ஃபாதர்?"

"அது அவர் எங்கிட்டச் சொன்னதுங்க டீச்சர். நான் வெளிய சொன்னா நல்லாருக்காது."

"பாவசங்கீர்த்தனமா அது?"

"கிட்டத்தட்ட" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

உள்ளே வந்து கணவரிடம் கேட்டாள். அவர் சாம்பாரை ருசி பார்ப்பதுபோலப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்னு எத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்? பருப்பு குழைஞ்சுருச்சா பாரு."

பிஷப் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்ற செய்தி போனில் வந்தது. "நல்லதுங்க டீச்சர், முடிஞ்சுது" என்றார் தைரியராஜ். கேஸ் சிலிண்டர் புக்கிங் ஆனதைச் சொல்வதுபோல இருந்தது. போனை வைத்துவிட்டு அவள் அங்கேயே கொஞ்சம் நின்றாள். ரத்தினவேல் பால்கனியில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆயிருச்சாம்."

"எப்பலேருந்து? இன்னைலேருந்தா?"

"அன்னைலேருந்து. அப்படித்தான் சட்டமாம்."

"அதைத்தானே நானும் சொல்லிட்டிருந்தேன்."

"ஆமாங்க" என்றாள். வேறென்ன சொல்வது.

குருப்பட்டத்துக்கு முந்தின நாள், நன்மை வாங்கும் முன் பாவங்களைச் சொல்லிவிட, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பல வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறோம், நிறைய இருக்கும் என்று நினைத்து முழங்காலிட்டவளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. கோபம். "யார்மேலங்க டீச்சர்?" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் தைரியராஜ் கேட்டார். "உங்க ஆட்கள்மேலதான் ஃபாதர்" என்றாள். அவர் "நியாயம்தான்" என்றார். பிறகு மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குக் கோவில் நிறைந்திருந்தது. பிரவீன் முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி போடுவதை விடவில்லை; அவள் தூண் பெஞ்சை விடவில்லை. ரத்தினவேல் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். டீக்கடைக்குப் போகாமல் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜமால் பின்னால் எங்கோ கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பிரவீன் பீடத்தில் புது உடுப்பில் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தான். பிரசங்கத்தில் தகப்பனைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னான். டிவிஎஸ் ஃபிஃப்டி பற்றி நாலு வார்த்தை சொன்னான். கோவில் சிரித்தது. ரத்தினவேல் சிரிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்மை நேரம் வந்தது. பழக்கத்தில் அவள் முழங்காலை ஒடுக்கினாள்.

"எழுந்திரி" என்றார் அவர்.

"ம்."

"அவன் உன்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறான். யாருக்கும் இன்னும் கொடுக்கல."

எழுந்தாள். கால் மரத்திருந்தது. நடு வழியில் தனியாக நடந்தாள். இரண்டு பக்கமும் முகங்கள் திரும்புவது தெரிந்தது. யாருடைய குதிகாலும் முன்னால் இல்லை. மனசுக்குள் ஏதாவது நடக்கும் என்று ஒரு ஓரத்தில் காத்திருந்தாள். நடந்ததெல்லாம், காலையில் மாத்திரை போட்டோமா என்ற சந்தேகம்தான்.

பிரவீன் அப்பத்தை உயர்த்திப் பிடித்தான். "கிறிஸ்துவின் உடல்" என்றான்.

"ஆமென்" என்றாள்.

அவன் கொடுக்கவில்லை. கேட்கவில்லை போலும். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். அன்றைக்கு ஆபீசர் மேஜைக்கு மேலும் இதே சத்தம்தான். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமென்" என்றாள் மறுபடி, முதல் வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

நாக்கில் வைத்தான். ருசி என்று எதுவும் இல்லை. காகிதம் கரைவதுபோலக் கரைந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பி நடக்கையில் தூண் பக்கம் ரத்தினவேல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்து பெஞ்சுகளில் எல்லாரும் இன்னும் முழங்காலிட்டிருக்கிற நேரத்தில் அவர் மட்டும் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நெருங்கியதும் அவசரமாக உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை சொன்ன போலருக்கு?"

"உங்களுக்கெப்படித் தெரியும்? இவ்வளவு தூரத்துல?"

"வாயைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"சரி. அன்னைக்கு ஃபாதர்கிட்ட என்னதாங்க சொன்னீங்க?"

"கோவில்ல பேசக் கூடாது."

"சாமியே இல்லன்னுவீங்க."

"இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு."

அவளால் நிற்க முடியவில்லை. பின்னால் நன்மை வாங்கித் திரும்புகிறவர்களின் வரிசை முட்டிக்கொண்டு வந்தது.

"கால் வலிக்குது. கொஞ்சம் ஒடுக்கிக்கோங்க, உள்ள போகணும்."

அவர் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டார்.